சிலந்திப் படம் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிலந்தியை வைத்து எடுத்த திகில் படம் ஒன்றைப் பார்க்கச் சொன்னால், வண்ணாரப்பேட்டையில் என் நண்பர்கள் முதலில் கேட்பது, “எவ்வளவு பெரிய சிலந்தி?” என்பதுதான். உருவம் பெருத்தால் பயமும் பெருகும் என்ற கணக்கு தவறானது. 1955-இல் வந்த ‘டாரன்டுலா’வில் பிரம்மாண்டமான சிலந்தி ஒன்று பாலைவனத்தைக் கடந்து வருகிறது, பார்த்து வியக்கலாம். ஆனால் படம் முடிந்து விளக்கை அணைத்த பிறகு அது நம் வீட்டுக்குள் வர வாசல் போதாது. உள்ளங்கையில் அடங்கும் சிலந்திக்கோ கதவிடுக்கே தாராளம்.

முதல் அரைமணி நேரத்தை, ஒன்றும் நடக்கவில்லை என்று ஓட்டிவிட்டுப் பார்ப்பது இதைவிடப் பெரிய தவறு. 1990-இல் வெளியான ‘அராக்னோபோபியா’வில், செருப்புக்குள் சிலந்தி இருப்பது நமக்குத் தெரியும், காலை நுழைக்கப்போகும் முதியவருக்குத் தெரியாது, அந்தச் சில நொடிகள் நம்மை உலுக்க வேண்டுமானால், அந்த ஊரும் வீடும் அவருடைய அன்றாடமும் நமக்கு முன்பே பழகியிருக்க வேண்டும். ஓட்டிவிட்டவருக்கு அது வெறும் செருப்பு. அந்தப் படம் பார்த்த மறுநாள் காலை, எங்கள் ஒண்டுக்குடித்தன வாசலில் வரிசையாகக் கிடந்த செருப்புகளில் என்னுடையதை எடுத்து, இருமுறை தரையில் தட்டிவிட்டே மாட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வெளிநாட்டுக் கதைதானே என்று ஒதுங்கிப் பார்ப்பதும் கூடாது. 2023-இல் வந்த ‘வெர்மீன்’ என்ற பிரெஞ்சுப் படத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் சிலந்திகள் பெருக, காவல்துறை மக்களை உள்ளேயே வைத்துக் கட்டடத்தை அடைத்துவிடுகிறது. வியாசர்பாடியில் வாரியக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்களுக்கு, பொதுப் படிக்கட்டின் இருட்டையும், பக்கத்து வீட்டுச் சத்தம் சுவரைத் தாண்டி வருவதையும் யாரும் விளக்கத் தேவையில்லை.

இவ்வளவு பெரிய சிலந்தி உயிர் வாழுமா என்று படத்தின் நடுவே வாதிடுவது இன்னொரு தொல்லை. வாழாது. உடல் இரு மடங்கு நீண்டால் எடை எட்டு மடங்காகும், அதைத் தாங்கும் காலின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் கூடும். இதைப் படம் முடிந்து டீக்கடையில் பேசிக்கொள்ளலாம்.

கடைசியாக, படத்தின் பயத்தை வீட்டுச் சிலந்தியின் மேல் காட்டக்கூடாது. நம் குளியலறைச் சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, சில வேளை வில்லை போன்ற வெளிர் முட்டைப்பையை வயிற்றின் கீழ் சுமந்து திரியும் வேட்டைச் சிலந்தி, வலை பின்னாமல் கரப்பான்களைப் பிடித்துத் தின்பது. ‘அராக்னோபோபியா’வில் கொலைகாரச் சிலந்திகளாக நடித்தவை, மனிதருக்கு ஆபத்தில்லாத அவொண்டேல் சிலந்திகள், இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே படம் முடிந்ததும் துடைப்பத்தைத் தேடி எழுந்த என் தங்கையிடம், அந்த நடிகரின் உறவினர்தான் இவர் என்று சொல்லித் தடுத்தேன். அவள் துடைப்பத்தை வைத்துவிட்டாள், ஆனால் அன்றிரவு குளியலறைக்கு என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் போனாள்.