சிரிப்பு எந்த இடத்தில் செத்தது? ஏமாற்றிய அவல நகைச்சுவைப் படத்தைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறைந்த செலவில் எடுத்த பிளாக் காமெடிப் படம் ஒன்று, அதாவது சாவையும் துயரத்தையும் வைத்தே சிரிக்கவைக்கப் பார்க்கும் அவல நகைச்சுவைப் படம் ஒன்று, சொதப்பிவிட்டால், பார்த்தவர்களின் கருத்துகள் பெரும்பாலும் இரண்டே வாக்கியங்களில் முடிந்துவிடுகின்றன. "நேரத்தை வீணாக்காதீர்கள்" என்பது ஒன்று. "இந்தச் செலவில் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்பது மற்றொன்று. முதலாவது கோபம், இரண்டாவது இரக்கம். படத்தைப் பார்க்கலாமா என்று யோசிப்பவருக்கு இரண்டாலும் பயனில்லை.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். ஒரு வீட்டுக்குள் பிணத்தை வைத்துக்கொண்டு விடியும்வரை திண்டாடும் மூன்று பேரின் கதை அது. பார்த்துவிட்டு நண்பரிடம், "வெளிச்சமே சரியில்லை, மலிவான படம்" என்றேன். "வெளிச்சம் சரியாக இருந்திருந்தால் சிரித்திருப்பீர்களா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கண்ணில் முதலில் பட்ட குறையைப் பிடித்துக்கொண்டு, உண்மையான குறையைத் தேடாமல் விட்டிருந்தேன்.

பணமில்லாததையே குற்றமாகச் சொல்வதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அமெரிக்க இயக்குநர் கெவின் ஸ்மித் 1994இல் வெளியிட்ட 'கிளர்க்ஸ்' என்ற நகைச்சுவைப் படத்தை எடுக்க ஆன செலவு 27,575 டாலர். தான் வேலை பார்த்த கடையிலேயே, கடை மூடிய பிறகு இரவில் படம்பிடித்தார். கதையோ பகலில் நடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே இருட்டு தெரியக்கூடாது என்பதால், பூட்டில் யாரோ சூயிங்கம்மை அடைத்துவிட்டதால் ஷட்டரைத் திறக்க முடியவில்லை என்று கதையிலேயே எழுதிக்கொண்டார். இல்லாமையே அங்கே ஒரு நகைச்சுவையாகிவிட்டது.

அதற்காகப் பணத்துக்கும் சிரிப்புக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. எங்கே தொடர்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முதல் இடம் ஒலி. மங்கலான காட்சியைக் கண் பொறுத்துக்கொள்ளும். வசனத்தின் கடைசிச் சொல் மின்விசிறிச் சத்தத்தில் அமுங்கிப்போனால் அந்த நகைச்சுவை அங்கேயே போயிற்று. இரண்டாவது இடம் எதிர்வினைக் காட்சி. அவல நகைச்சுவையில் சிரிப்பு பெரும்பாலும் கொடூரமான வாக்கியத்தைச் சொல்பவர் முகத்தில் இருப்பதில்லை, கேட்பவர் முகத்தில் இருக்கிறது. படப்பிடிப்பு நாள்கள் குறைவாக இருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்தக் கேட்பவரின் முகம்தான். பிறகு படத்தொகுப்பாளர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், எடுக்காத காட்சியை எங்கிருந்து கொண்டுவருவார்? "மலிவாக இருந்தது" என்பதைவிட, "செய்தியைக் கேட்ட அம்மாவின் முகத்தை ஒருமுறைகூடக் காட்டவில்லை" என்பது எவ்வளவோ மேலான விமர்சனம்.

அருவருப்பையும் சிரிப்பு வராததையும் ஒன்றாகக் குழப்புவது இன்னொன்று. தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (மடமை) என நான்கைச் சொல்கிறது. அழுகைக்கு இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (நிலை தளர்தல்), வறுமை என நான்கு. அவல நகைச்சுவை செய்யும் வேலையே, இரண்டாவது பட்டியலில் இருந்து பொருளை எடுத்து முதல் பட்டியலின் வழியாகக் காட்டுவதுதான். ஆகவே "சாவு வீட்டில் போய்ச் சிரிப்பா?" என்று படத்தை ஒதுக்குவது, மீன் கடையில் நின்றுகொண்டு மீன் வாடை என்று புகார் சொல்வதைப் போன்றது. அயர்லாந்து எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1729இல், ஏழைகள் தங்கள் குழந்தைகளைப் பணக்காரர்களுக்கு உணவாக விற்கலாம் என்று கணக்கெல்லாம் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதை அவருடைய சொந்தக் கருத்தாக எடுத்துக்கொண்டால் கட்டுரையே நம் கையிலிருந்து நழுவிவிடும். பாத்திரம் பேசுவதை இயக்குநரின் மனம் என்று நினைப்பதும் அப்படித்தான்.

ஆனால் இதையே கேடயமாகப் பிடித்து, சிரிக்காதவரை எல்லாம் "உங்களுக்குப் புரியவில்லை" என்று அடக்குபவர்கள்மீது எனக்குக் கூடுதல் எரிச்சல் உண்டு. எள்ளல் யார் மேல் விழுகிறது என்பது நியாயமான கேள்வி. ஸ்விஃப்ட்டின் எள்ளல் பசித்தவர்மேல் விழவில்லை. பசியைக் கணக்காகப் பார்த்தவர்கள்மேல் விழுந்தது. அடிபட்டவனையே மறுபடி அடித்துவிட்டு, இது அவல நகைச்சுவை என்று பெயர் சூட்டிக்கொள்ளும் படத்தைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்தால், அவருக்குப் புரியாமல் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

தொனி பிசகுவதைக் கவனிக்காமல் "இரண்டாம் பாதி இழுவை" என்று சொல்லிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. இழுவை என்று தோன்றுவது பல நேரங்களில் நீளத்தால் வருவதில்லை. முகத்தில் சிரிப்பே இல்லாமல் போய்க்கொண்டிருந்த படம், பயந்துபோய்ப் பாதியில் கோமாளித்தனத்துக்குத் தாவியிருக்கும். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், அணுப்போரைக் கிண்டலடித்து 1964இல் வெளியான தன் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்தின் முடிவுக்காகத் தலைவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கிரீம் பண்டங்களை வீசும் பெரிய சண்டையைப் படம்பிடித்து, கடைசியில் நீக்கிவிட்டார். அது வெறும் கூத்தாகிவிட்டது, மற்ற பகுதிகளின் அங்கதத்தோடு ஒட்டவில்லை என்பது அவர் சொன்ன காரணம். எடுத்ததை வெட்டி எறியும் அந்தத் துணிச்சல் சின்னப் படங்களுக்கு அரிது. செலவழித்துவிட்டோமே என்ற மனக்கணக்கு தடுத்துவிடும்.

மதிப்பெண்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் 40 சதவீதம் என்றால் படத்துக்கு நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் கிடைத்தது என்று பொருளில்லை. விமர்சகர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் சாதகமாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவே. பார்வையாளர்கள் பத்துக்கு இத்தனை என்று போடும் மதிப்பெண்ணிலோ, குறைந்த பேர் பார்த்த படமென்றால் படக்குழுவின் நண்பர்கள் போடும் பத்தும், கோபத்தில் விழும் ஒன்றும் சேர்ந்து சராசரியை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்திவிடும்.

எப்படிப் பார்த்தோம் என்பதை மறைப்பதும் தவறுதான். சிரிப்பு தொற்றிக்கொள்ளும் பொருள். நள்ளிரவில் தனியாகக் கைப்பேசியில், நடுநடுவே நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர், நிறைந்த அரங்கில் பார்த்தவர் சொல்வதை மறுப்பதற்கு முன் அதையும் சொல்லிவிடலாம். டிரெய்லரைப் பார்த்து எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதும் அப்படியே. டிரெய்லர் பெரும்பாலும் விளம்பரக்காரரின் வேலை.

அந்தப் பிணக் கதையை மறுபடி ஒருமுறை பார்த்தேன். வெளிச்சம் உண்மையிலேயே மோசம்தான். ஆனால் முதல் நாற்பது நிமிடம் அதே மோசமான வெளிச்சத்தில் மூன்று முறை சிரித்திருக்கிறேன். பிணத்தைப் பெட்டிக்குள் அடக்க முடியாமல், அதன் காலணியைக் கழற்றி யார் போட்டுக்கொள்வது என்று சண்டை போடும் காட்சி இப்போதும் பிடித்திருக்கிறது. அதற்குப் பிறகு போலீஸ்காரர் ஒருவர் வருகிறார், துரத்தல் தொடங்குகிறது, ஓடும் அவசரத்தில் பிணத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள், கதையை எழுதியவர் உட்பட. நண்பரிடம் அன்று சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.