வெடித்த களிமண் தொங்கலைச் சரிசெய்த விதம்

வேலூர் கத்திரி வெயிலில் ஏர் டிரை கிளே (சூளையில் சுடாமல் காற்றிலேயே காயும் களிமண்) தொங்கல் ஓரத்தில்தான் முதலில் வெடிக்கிறது. மெல்லிய ஓரம் சட்டென்று காய்ந்து சுருங்கும். தடித்த நடுப்பகுதி ஈரமாகவே நிற்கும். அந்த இழுப்பில்தான் விரிசல்.

அதே களிமண்ணைத் தண்ணீரில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, சில சொட்டு ஃபெவிகால் சேர்த்தேன். விரிசலை ஈர பிரஷால் நனைத்து, குழைத்ததை உள்ளே அழுத்தி, சற்று மேடாகவே விட்டேன். காயும்போது அதுவும் சுருங்கும். காய்ந்தபின் 220 நம்பர் உப்புத்தாள்.

இப்போது களிமண்ணை எங்கும் ஒரே 5 மில்லிமீட்டர் கனத்துக்குச் சப்பாத்திபோல் தேய்க்கிறேன். காயவைக்க மொட்டைமாடியும் ஃபேன் காற்றும் வேண்டவே வேண்டாம். முதல் நாள் பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போர்த்தி நிழலில் வைத்து, காலை மாலை புரட்டிப் போட்டால் அவ்வளவாக வளையாது. தொட்டால் சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அது காயும்வரை அக்ரிலிக் பெயிண்ட் அடிக்கக் கூடாது.