கிணற்று நீரில் ஓர் ஆய்வு: விஞ்ஞான மாணவருக்கான முதற்படிகள்

“யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீர் மாசடைதல்” என்று தலைப்பு எழுதிக்கொண்டு வரும் முதல் வருட மாணவரிடம் ஒன்றைத்தான் கேட்க வேண்டும்: நாளை காலை ஆய்வுகூடத்துக்கு வந்ததும் எதை அளப்பீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. தலைப்பு இருக்கிறது, கேள்வி இல்லை. ஒரு சிறிய ஆய்வை எடுத்து, கேள்வியிலிருந்து அறிக்கை வரை எப்படி நகர்வது என்று பார்ப்போம். பொருள், நமக்கெல்லாம் தெரிந்த, உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர். செலவும் அதிகமில்லை, உயர்தர வகுப்பில் பழகிய நியமிப்பே (செறிவு தெரிந்த கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து அளக்கும் முறை) போதும்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

“கிணறுகள் ஏன் சவராகின்றன?” என்பதற்கு ஒரு பருவத்தில் விடை காண முடியாது. “உப்பு நீரிலிருந்து தூரம் கூடக் கூடக் கிணற்று நீரின் குளோரைட்டுச் செறிவு குறைகிறதா?” என்பதற்கு முடியும். குளோரைட்டு உப்பின் ஒரு கூறு, சவரை அளக்க அது உதவும். இதில் தூரம் சாரா மாறி (நாம் தெரிவு செய்வது), குளோரைட்டு சார் மாறி (அதோடு மாறுகிறதா என்று அளப்பது). இரண்டுக்கும் அலகு உண்டு. அலகு சொல்ல முடியாத மாறி கேள்வியில் இருந்தால் இன்னும் சுருக்க வேண்டும்.

படி 2: வாசித்துவிட்டுக் கருதுகோள் எழுதுங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் அடர்த்தி கூடிய உப்பு நீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கைபன், ஹேர்ஸ்பேர்க் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் தொடர்பின்படி, கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும். மோட்டார் போட்டு மேல்மட்டத்தைச் சிறிது இறக்கினால் கீழே உப்பு நீர் பன்மடங்கு ஏறும். கரையோரத்தில் இந்த வில்லை மெல்லியது. ஆகவே கருதுகோள் (அளக்குமுன் எதிர்பார்க்கும் விடை): தூரம் கூடக் குளோரைட்டு குறையும். எந்த முடிவு கிடைத்தால் இதைக் கைவிடுவீர்கள் என்பதையும் இப்போதே எழுதித் திகதி இடுங்கள். அளந்த பிறகு எழுதும் கருதுகோள் எப்போதும் சரியாகவே இருக்கும், அதனால் பயனில்லை.

படி 3: தூரம் என்றால் எங்கிருந்து?

பலர் சறுக்கும் இடம் இதுதான். அரியாலைக் கடனீரேரிக் கரையில் தொடங்கி இருபாலை, கோப்பாய் என்று வடக்கே போகும் ஒருவர் உப்பு நீரை விட்டு விலகுவதாக நினைப்பார். ஆனால் கிழக்கே உப்பாறு என்னும் உப்பு நீரேரி அவருக்குப் பக்கத்திலேயே வந்துகொண்டிருக்கும். எனவே “அரியாலையிலிருந்து தூரம்” என்று எழுதாமல், “மிக அண்மையிலுள்ள உப்பு நீர்நிலையிலிருந்து நேர்கோட்டுத் தூரம்” என்று வரையறுத்து, வரைபடத்தில் அளந்து எழுதுங்கள்.

விடையைக் குழப்பும் வேறு மாறிகளும் உண்டு: கிணற்றின் ஆழம், தோட்டத்துக்கு இறைக்கும் அளவு, மழை. மழையைக் கட்டுப்படுத்த முடியாது. எல்லா மாதிரிகளையும் ஒரே கிழமைக்குள் எடுத்துவிடலாம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரி மழைக்கு முன் பாதி, பின் பாதி என்று எடுத்தால் நீங்கள் அளப்பது தூரத்தையா மழையையா என்று பிரிக்க முடியாது. மற்ற இரண்டையும் கேட்டும் அளந்தும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: கிணறுகளைத் தெரிவு செய்யுங்கள்

மாமி வீட்டுக் கிணறு, நண்பன் வீட்டுக் கிணறு என்று தெரிவு செய்வது வசதிதான், ஆய்வுக்கு உதவாது. தூரத்தை வலயங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள கிணறுகளுக்கு எண்ணிட்டு, எழுமாற்றாக, அதாவது குலுக்கல் போல, தெரிவு செய்யுங்கள். வீட்டுக்காரரிடம் நோக்கத்தைச் சொல்லி அனுமதி கேளுங்கள். மறுத்தால் பட்டியலில் அடுத்த எண். அறிக்கையில் பெயரோ முகவரியோ வரக்கூடாது, குறியீட்டு எண் மட்டும்.

“எங்கட தண்ணி தேன் மாதிரி” என்று சொல்வார்கள். சிரித்துவிட்டு மாதிரியை எடுங்கள். குளோரைட்டு லீற்றருக்குச் சுமார் 250 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் நாக்கு உணரத் தொடங்கும்.

படி 5: மாதிரி எடுங்கள்

போத்தலில் எண், திகதி, நேரம் ஆகியவற்றை முதலே எழுதுங்கள். அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசி, பிறகு நிரப்புங்கள். மோட்டார் என்றால் குழாயில் தேங்கிய நீர் போகும்வரை சில நிமிடம் ஓடவிடுங்கள். சில கிணறுகளில் இரட்டை மாதிரி (ஒரே நேரத்தில் இரண்டு போத்தல்) எடுங்கள். உங்கள் கை எவ்வளவு சீரானது என்று அது காட்டும்.

படி 6: நியமியுங்கள்

50 மில்லிலீற்றர் நீரில் சில துளி பொட்டாசியம் குரோமேற்று இட்டு, 0.01 மோலர் வெள்ளி நைத்திரேற்றால் நியமியுங்கள். முதலில் வெள்ளி குளோரைட்டு வெண்ணிறமாகப் படியும். குளோரைட்டு தீர்ந்ததும் செங்கபில நிறம் நிலைக்கும், அதுவே முடிவுப்புள்ளி. இம்முறைக்கு ஏறத்தாழ நடுநிலையான நீர் வேண்டும். சுண்ணாம்புக் கல் நீர் பொதுவாகப் பொருந்தும், இருந்தும் பீஎச் (அமில, கார அளவு) பாருங்கள்.

காய்ச்சி வடித்த நீரிலும் இதே சோதனையைச் செய்து வெற்றுப் பெறுமானத்தைக் கழிக்க வேண்டும். மாதிரிக்கு 18.4, வெற்றுக்கு 0.2 மில்லிலீற்றர் வெள்ளி நைத்திரேற்று செலவானது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 18.2. இங்கே ஒரு மில்லிலீற்றர் 7.09 மில்லிகிராம்/லீற்றருக்குச் சமம். ஆகவே விடை ஏறத்தாழ 129 மில்லிகிராம்/லீற்றர். கடும் சவர் நீருக்கு 5 மில்லிலீற்றரை எடுத்து, காய்ச்சி வடித்த நீர் சேர்த்து 50 வரை ஐதாக்கி, விடையைப் பத்தால் பெருக்குங்கள். இல்லாவிட்டால் விலைகூடிய வெள்ளி நைத்திரேற்று ஒரே குடுவையில் தீரும்.

குரோமேற்று நச்சு. கையுறை அணியுங்கள், கழிவைத் தனிப் போத்தலில் சேருங்கள். நிலத்தடி நீரை ஆய்ந்துவிட்டு அந்த நச்சுக் கழிவைத் தொட்டியில் ஊற்றுவது நல்ல வேடிக்கை.

குறிப்பேட்டில் பேனையால் எழுதுங்கள். பிழையானால் ஒரு கோடு, அழிக்க வேண்டாம்.

படி 7: முதலில் வரைபு, பிறகு கணக்கு

தூரத்தை கிடையச்சிலும் குளோரைட்டை நிலைக்குத்தச்சிலும் புள்ளிகளாக இட்டு, கண்ணால் பாருங்கள். தொடர்பின் வலுவை எண்ணாகச் சொல்லும் இணைவுக் குணகம் பிறகு வரட்டும். ஒரு புள்ளி விலகி நின்றால் உடனே நீக்காதீர்கள். குறிப்பேட்டைத் திறந்து அந்தக் கிணற்றின் ஆழத்தையும் இறைப்பையும் பாருங்கள். பதிவான தவறு இருந்தால் மட்டும் நீக்கி, நீக்கியதை அறிக்கையில் சொல்லுங்கள். போக்கு தெளிவாகத் தெரிந்தாலும் “தூரமே காரணம்” என்று எழுதாமல், “தொடர்பு காணப்பட்டது” என்பதோடு நில்லுங்கள்.

அறிக்கை முடிந்ததும், தண்ணீர் தந்த வீடுகளுக்கு அவரவர் பெறுமானத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். நீங்கள் பார்த்தது குளோரைட்டு மட்டுமே, நைத்திரேற்றோ கிருமிகளோ பார்க்கப்படவில்லை, இது குடிக்க உகந்தது என்ற சான்றிதழ் அல்ல என்பதையும் அதே துண்டில் எழுத வேண்டும்.