டர்போ காடி மேட்டில் இழுக்கவில்லையா? டர்போவைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் டர்போ காடியின் குறை எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. பீடோர், சுங்கை பக்கம் சமதரையில் ஓட்டும்போது எல்லாம் நன்றாகவே இருக்கும். லாத்தா இஸ்கண்டார் தாண்டி ஒரு வளைவில், முன்னால் போகும் லோரிக்காக வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி மிதித்தால்தான் தெரியும். காடி முக்கும், முனகும், நகராது. ஊசி 2,500 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) தாண்டியதும் திடீரென்று உயிர் வந்து பாயும். மறுநாள் பட்டறைக்கு வருபவர் சொல்லும் முதல் வார்த்தை, “அண்ணே, டர்போ போச்சு போல.”

பெரும்பாலும் டர்போ போயிருக்காது. கீழ் ஆர்பிஎம்மில் வலு குறைகிறது என்றால் டர்போ இன்ஜினுக்குள் அழுத்தி அனுப்பும் காற்று வழியில் எங்கோ கசிகிறது, அல்லது டர்போவின் டர்பைன் சக்கரத்தைச் சுற்ற வேண்டிய புகைவாயு பக்கவழியாக ஓடிவிடுகிறது, அல்லது டர்போவுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் கோளாறு. இந்த மூன்றில் எது என்று அளந்து பார்க்காமல் பழைய உதிரிபாகம் விற்கும் ஹாஃப்கட் கடைக்கு ஓடி டர்போ வாங்குவதுதான் நம் ஊர்களில் நடக்கும் மிகப் பெரிய தவறு. அரை மாதச் சம்பளம் போன பிறகும் காடி அதே மேட்டில் அதே மாதிரி திணறும். இருபது வெள்ளி ரப்பர் குழாய்க்காக ஒரு குடும்பம் கடன் வாங்குவதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இயல்பைக் கோளாறு என்று எடுத்துக்கொள்வது

டர்போவைச் சுற்றுவது புகைவாயு. ஆர்பிஎம் குறைவாக இருந்தால் புகைவாயு குறைவு, டர்போவும் மெதுவாகத்தான் சுற்றும். ஆகவே எல்லா டர்போ இன்ஜினுக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு, அது மாடலுக்கு மாடல் மாறும். 2020இல் வந்த புரோட்டோன் எக்ஸ்50இன் 1.5 லிட்டர் டிஜிடிஐ இன்ஜின் 1,500 ஆர்பிஎம்மிலேயே தன் முழு முறுக்குவிசையான 255 நியூட்டன் மீட்டரையும் தந்துவிடும். எக்சோரா போல்டில் உள்ள சிஎஃப்இ இன்ஜினுக்கு 205 நியூட்டன் மீட்டர் கிடைப்பது 2,000இலிருந்து. பெரோடுவா அத்திவாவின் ஒரு லிட்டர் இன்ஜின் தன் 140ஐத் தருவது 2,400இல்தான். 1,600 ஆர்பிஎம்மில் அத்திவா சோம்புகிறது என்றால், அந்த நேரத்தில் அது வெறும் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் காடி. அதில் பழுதுபார்க்க எதுவுமில்லை. எக்ஸ்50 அதே ஆர்பிஎம்மில் சோம்பினால் நிச்சயம் ஏதோ இருக்கிறது.

மலையில் இன்னொரு கணக்கும் சேரும். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் தாப்பாவைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) வந்த பிறகு டர்போ இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டிவிடும். பூஸ்ட் வருவதற்கு முன் அதனால் முடியாது. அதனால் ரிங்லெட்டுக்கு மேலே தாமதம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிவது சகஜம்.

கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான். முன்பு இழுத்த மேட்டில் இப்போது இழுக்கவில்லையா? எந்த ஆர்பிஎம்மில் இழுக்கவில்லை? கீழே சோம்பி மேலே நன்றாக ஓடினால் காற்றுக்கசிவு, வேஸ்ட்கேட் (புகைவாயுவின் பக்கவழிக் கதவு), கேம் டைமிங் (இன்ஜின் வால்வுகள் திறந்து மூடும் நேரம்) பக்கம் பாருங்கள். கீழே நன்றாக இருந்து மேலே மூச்சுத் திணறினால் பெட்ரோல் அழுத்தம், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருப்பது போன்றவற்றைச் சந்தேகிக்கலாம். இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். ஆனாலும் பலர் இதைக் கேட்காமலேயே ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள்.

ஓட்டிப் பார்ப்பதிலும் கவனம் தேவை. ஆட்டோ கியரில் அழுத்தி மிதித்தால் கியர் கீழிறங்கி ஆர்பிஎம் ஏறிவிடும், குறை மறைந்துவிடும். மேனுவல் மோடு இருந்தால் மூன்றாம் கியரில் நிறுத்தி, 1,500 ஆர்பிஎம் அளவிலிருந்து மிதித்து ஊசி ஏறும் விதத்தைப் பாருங்கள். ஓரிரு முறை போதும். எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில் கீழ் ஆர்பிஎம்மில் முழு மிதி மிதித்துக்கொண்டே இருந்தால் எரிபொருள் நேரத்துக்கு முன்பே தீப்பற்றி பிஸ்டனையே உடைக்கக்கூடும். இதைக் குறைக்கத்தான் 2018இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020இல் எஸ்பி என்ற எண்ணெய்த் தரங்கள் வந்தன. கையேடு எஸ்பி கேட்டால் அதற்குக் குறைந்த தரத்தை ஊற்றக் கூடாது.

கசிவை ஐட்லில் தேடுவது

பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டு, “சத்தமில்லை, கசிவில்லை” என்று முடிவு கட்டுவது பட்டறைக்குப் பட்டறை நடக்கிறது. பெட்ரோல் இன்ஜின் ஐட்லில், அதாவது மிதிக்காமல் சும்மா ஓடும்போது, டர்போவுக்கும் த்ரோட்டிலுக்கும் (மிதிக்கேற்பக் காற்றைத் திறந்துவிடும் கதவு) இடைப்பட்ட குழாய்களில் அழுத்தம் என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. ஓட்டை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அங்கே காற்று சீறாது. த்ரோட்டிலுக்குப் பின்னால் ஓட்டை இருந்தால் மட்டுமே ஐட்லில் வெளிக்காற்றை உள்ளே இழுத்து, ஐட்லைத் தடுமாற வைக்கும்.

அதனால் குழாயைக் கையால் தொட்டுப் பாருங்கள். இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, டர்போக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் குழாயில் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். மேல்பக்கம் புதிது போல இருக்கும். வெடிப்பு வருவது வளைவின் அடியிலும் கிளிப் கடிக்கும் விளிம்பிலும்தான். சும்மா பார்த்தால் கோடு மாதிரி தெரியும், குழாயை மடக்கினால் வாய் திறக்கும். செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடும் வண்டிகளில் இன்னொரு அடையாளம் உண்டு. டர்போக் குழாய்க்குள் லேசான எண்ணெய்ப் படலம் இருப்பது வழக்கம். கசியும் இடத்தில் அந்த எண்ணெய் வெளியே தெறிக்கும், அதன்மேல் செம்மண் தூசி ஒட்டும். கிளிப்புக்கு அருகில் விசிறி விரித்தது போலச் சிவப்புக் கறை படிந்திருந்தால் கசிவு அங்கேதான்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அழுத்தச் சோதனை. டர்போவின் காற்று வாயை மூடியால் அடைத்து, ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரசரிலிருந்து காற்றை உள்ளே விட்டு, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். அரை பார் போதும். கிரேங்க்கேஸுக்குப் போகும் பிரீதர் குழாயை அடைக்க மறந்தால் காற்று இன்ஜினுக்குள் புகுந்து எண்ணெய் சீல்களைத் தள்ளிவிடும். சில காடிகளில், மிதியை விடும்போது மிஞ்சும் அழுத்தத்தைத் திறந்துவிடும் டைவர்ட்டர் வால்வின் சவ்வு கிழிந்திருக்கும். அங்கே கசியும் காற்று வெளியே வராமல் மறுபடி டர்போவின் வாய்க்கே திரும்பிவிடும், சோப்பும் நுரைக்காது. எல்லா மூட்டும் சரி, பூஸ்ட் மட்டும் வரவில்லை என்றால் அந்த வால்வைக் கழற்றிப் பாருங்கள்.

டீசல் பிக்கப் வண்டியில் புகையே பாதி பதில் சொல்லும். மேட்டில் கரும்புகை தள்ளிக்கொண்டு இழுக்கவில்லை என்றால் டீசல் போகிறது, காற்று போதவில்லை. கசிவையும், புகைவாயுவை மறுபடி இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. அது வேறு கதை.

வேஸ்ட்கேட் கம்பியை முறுக்குவது

இதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வேஸ்ட்கேட் என்பது புகைவாயுவுக்கான பக்கவழிக் கதவு. அது முழுதாக மூடவில்லை என்றால் கீழ் ஆர்பிஎம்மில் இருக்கும் கொஞ்ச வாயுவும் டர்பைனைத் தொடாமல் ஓடிவிடும். அதற்காக ஆக்சுவேட்டர் கம்பியைச் சுருக்கி முறுக்கினால் கீழே கொஞ்சம் இழுவை கூடலாம். மேலே பூஸ்ட் அளவு மீறும், இன்ஜினின் கணினியான இசியு வலுவை வெட்டும். அதற்குள் எரிபொருள் ஒழுங்கின்றி வெடித்து இன்ஜின் ‘நாக்’ ஆகவும் தொடங்கியிருக்கும். கதவு ஏன் மூடவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும்: கீல் தேய்ந்து கடகடக்கிறதா, கரி அடைத்திருக்கிறதா, ஆக்சுவேட்டரின் சவ்வு கிழிந்திருக்கிறதா?

உங்கள் காடியில் இருப்பது பூஸ்ட் அழுத்தத்தால் திறக்கும் வேஸ்ட்கேட்டா, வேக்குவத்தால் (காற்றை உறிஞ்சும் இழுப்பால்) மூடும் வேஸ்ட்கேட்டா என்று தெரிந்துகொள்வதும் அவசியம், எலி கடித்தால் இரண்டும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கூட்டுப்பெட்டி வைத்து வளர்க்கும் தோட்டங்கள் உண்டு. அந்த எலி இரவில் சூடான பானெட்டுக்குள் ஏறி மெல்லிய ரப்பர் குழாயைக் கடித்துவிடும். பூஸ்ட் அழுத்தத்தால் திறக்கும் வகையில், ஸ்பிரிங்தான் கதவை மூடி வைத்திருக்கிறது. குழாய் கடிபட்டால் கதவு திறக்காது, பூஸ்ட் அளவுக்கு மேல் ஏறும். வேக்குவத்தால் மூடும் வகையில் அதே கடி கதவைத் திறந்தே விட்டுவிடும், கீழ் இழுவை போய்விடும். பல டீசல் வண்டிகளில் உள்ள இறக்கை மாறும் டர்போவிலும் இப்படித்தான்: வேக்குவம் இல்லாவிட்டால் இறக்கைகள் விரிந்தே நிற்கும், 2,000 வரை வண்டி செத்த மாதிரி இருக்கும். கையால் அழுத்தும் வேக்குவம் பம்பை மாட்டி, கம்பி நகர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். மெல்ல மெல்லத் திரும்பினால் சவ்வில் ஓட்டை. மின்மோட்டார் ஆக்சுவேட்டராக இருந்தால் மாற்றிய பிறகு ஸ்கேனரில் நிலையைப் பதிய வைக்க வேண்டும்.

விளக்கு எரியவில்லை, அதனால் கோளாறு இல்லை என்று நினைப்பது

சிறு கசிவுக்கு ‘செக் இன்ஜின்’ விளக்கு எரியாது. எரிந்து ஸ்கேனரில் பி0299 என்ற கோளாறுக் குறியீடு வந்தாலும் அது சொல்வது, கேட்ட பூஸ்ட் வரவில்லை என்பதை மட்டும். யார் காரணம் என்று அது சொல்லவில்லை. அந்தக் குறியீட்டைப் பார்த்ததும் பூஸ்ட் சென்சரை மாற்றுவது, அதுவும் போதாமல் டர்போவை மாற்றுவது, இரண்டுமே குருட்டு வேலை.

சென்சர் சரியா என்று பார்க்கச் செலவே இல்லை. சாவியைத் திருப்புங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தாப்பாவில், காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர் ஸ்கேனரில் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். அதே காடியைத் தானா ராத்தாவில் நிறுத்திப் பார்த்தால் 85 பக்கம் காட்டும். மேலே 85 காட்டுகிறதே, சென்சர் போய்விட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள். இரண்டு இடத்திலும் ஒரே எண் காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். இன்னொன்று, ஸ்கேனர் காட்டுவது வெளிக்காற்றையும் சேர்த்த அளவு. அடிவாரத்தில் 150 என்றால் பூஸ்ட் அரை பார்தான், ஒன்றரை பார் இல்லை.

அப்புறம், இசியு கேட்கும் பூஸ்ட், உண்மையில் வரும் பூஸ்ட் இரண்டையும் மேடு ஏறும்போது பதிவு செய்யுங்கள். போனைப் பக்கத்து இருக்கைக்காரர் பிடிக்கட்டும், அந்த வளைவுகளில் ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது. கேட்பதே குறைவாக இருந்தால் டர்போ மேல் தவறில்லை. சூடு, நாக், கியர்பாக்ஸ் என்று ஏதோ காரணத்துக்காக இசியுவே அடக்கி வைத்திருக்கிறது. கேட்டது வரவில்லை என்றால் மேலே சொன்ன குழாயும் கதவும்தான்.

டர்போவுக்கு வெளியே பார்க்காமல் விடுவது

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். மிதித்தால் ஊசி ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. பிக்கப் வண்டிக்கு அழகுக்காகப் பெரிய டயர் மாட்டியிருந்தால் எல்லாக் கியரும் நீண்டுவிட்டது என்று அர்த்தம். மேட்டில் சோம்பத்தான் செய்யும். பூஸ்ட் வரும்போது வெட்டி வெட்டி இழுத்தால் பிளக் இடைவெளியையும் காயிலையும் பாருங்கள். எண்ணெய் மாற்றாமல் இழுத்தடித்த இன்ஜினில் வால்வு நேரத்தை மாற்றும் விவிடி சோலினாய்டு அழுக்கால் சிக்கி, கேம் டைமிங் தவறி, பூஸ்ட் வருவதற்கு முந்தைய இழுவையே குறைந்துவிடும். செங்கல் நிறமாகிவிட்ட ஏர் ஃபில்டரைக் காற்றடித்துத் திரும்பப் போடாதீர்கள். காகிதம் கிழிந்தால் மண் நேராக டர்போ இறக்கைக்குப் போகும்.

எண்ணெய்க் குழாயை விட்டுவிட்டு டர்போவை மட்டும் மாற்றுவது

எல்லாம் பார்த்தாகிவிட்டது, டர்போதான் என்று உறுதியாகிவிட்டது என்றால், அது ஏன் கெட்டது என்றும் பார்க்க வேண்டும். தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் கொஞ்சம் ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் நகர்வது கையில் தெரிந்தாலோ, இறக்கை உறையில் உரசிய தடம் இருந்தாலோதான் அது போய்விட்டது. பெரும்பாலும் காரணம் எண்ணெய் போதாமை. மெல்லிய எண்ணெய்க் குழாய்க்குள் கரி பிடித்திருக்கும். அதே குழாயைத் திரும்ப மாட்டினால் புது டர்போவும் அதே வழிதான் போகும்.

எண்ணெய்க் குழாயைப் புதிதாகப் போடுங்கள், எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுங்கள், ரிட்டர்ன் குழாயில் அடைப்பில்லை என்று பாருங்கள், பழைய இறக்கைத் துண்டு இன்டர்கூலருக்குள் கிடக்கிறதா என்று குழாயைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் டர்போவின் எண்ணெய்த் துளையில் சுத்தமான எண்ணெய் ஊற்றி, தண்டைக் கையால் சுற்றிவிடுங்கள். முதல் சில நிமிடம் ஐட்லிலேயே ஓடட்டும், மூட்டுகளில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேட்டுக்கு எடுங்கள்.