நாகசலபம் சுவத்துல உக்காந்திருந்தா என்னெல்லாம் செய்யக்கூடாது

செங்கோட்டை தாண்டி புளியரை வழியா ஆரியங்காவு ஏறுற ரோட்டுல, சாரல் சமயம் ராத்திரி டீ குடிக்க வண்டிய நிறுத்தினா, கடை ட்யூப்லைட்டுக்குக் கீழ ரெண்டு கையையும் விரிச்சு ஒட்டி வச்ச மாதிரி செம்பழுப்பு கலர்ல ஒண்ணு உக்காந்திருக்கும். மொத தடவ பாக்கிறவங்க யாரோ படம் வரைஞ்சு ஒட்டிருக்காங்கன்னுதான் நெனப்பாங்க. இறக்கை விரிச்ச அகலம் 20 சென்டிமீட்டருக்கு மேல கூட போகும், அப்புறம் எப்படி பூச்சின்னு நம்புறது. மலையாளத்துல இந்தப் பெரிய அந்துப்பூச்சிக்கு நாகசலபம்னு பேரு. நமக்கு அந்துன்னா அரிசி டின்ல வர்றது, விளக்குல விழுந்தா விட்டில், அதோட கதை முடிஞ்சுது, அதனால இந்தப் பக்கம் வந்தா அந்த மலையாளப் பேரத்தான் நானும் சொல்றது.

எல்லாரும் பண்ற மொத தப்பு, "ஐயோ பாவம் இறக்கையில ஓட்டை விழுந்திருச்சு"ன்னு பரிதாபப்படுறது. ஒவ்வொரு இறக்கையிலயும் முக்கோணமா கண்ணாடி மாதிரி ஒரு இடம் இருக்கும், அது ஓட்டை இல்ல, இறக்கைய மூடுற பொடி மாதிரி செதில் அங்க கிடையாது, அவ்வளவுதான், அந்தப் பக்கம் இருக்கிற சுவரு அது வழியாத் தெரியும். முன் இறக்கை நுனி வளைஞ்சு, கண்ணும் வாயும் வச்ச பாம்புத் தலை மாதிரி இருக்கும், நாகம்ங்கிற பேரு அதனாலதான். தொந்தரவு பண்ணினா கீழ விழுந்து இறக்கைய மெதுவா அசைக்கும், அப்போ பாம்பு தலைய ஆட்டுற மாதிரியே இருக்கும். அதப் பாத்துட்டு "விஷம், அடிச்சுப் போடு"ன்னு வெளக்கமாத்த எடுக்கிற ஆளுங்க இருக்காங்க. விஷமும் இல்ல, கொடுக்கும் இல்ல, கடிக்கணும்னாலும் கடிக்க முடியாது, ஏன்னு கீழ சொல்றேன்.

அடுத்தது பேரு. நெட்டுல தேடினா அட்லஸ் அந்துப்பூச்சின்னு வரும், உடனே அங்க இருக்கிற எல்லாத்தையும் இதுக்கு எழுதிருவாங்க. அட்லஸ்ங்கிறது வடகிழக்கு இந்தியா, தென்கிழக்கு ஆசியாப் பக்கம் இருக்கிற இனம். நம்ம மேற்குத்தொடர்ச்சி மலையிலயும் இலங்கையிலயும் இருக்கிறது அதோட பங்காளி, அறிவியல் பேரு அட்டாகஸ் தப்ரோபானிஸ். தப்ரோபேன்னு கிரேக்கக்காரங்க சொன்னது இலங்கைய, அது தாம்பபண்ணிங்கிற பழைய பேருல இருந்து வந்தது, நம்ம தாமிரபரணியோட பேரும் அதும் ஒண்ணுதான். ஆத்தோட பேரையே வச்சிருக்கிற பூச்சிய வெளியூர் பூச்சின்னு எழுதினா எனக்குக் கொஞ்சம் கோவம் வரும். "உலகத்துலயே பெருசு"ன்னு போடுறதும் வேணாம், தென் அமெரிக்காவுல இதவிட அகலமா இறக்கை விரிக்கிற அந்துப்பூச்சி இருக்கு.

இனிதான் முக்கியமான விஷயம், நானே பண்ணின தப்பும் இதுதான். பல வருஷத்துக்கு முன்ன எங்க வீட்டு வராண்டாவுல ஒண்ணு வந்து உக்காந்துச்சு, அசையவே இல்ல. பசியா இருக்கும்னு மூடியில சர்க்கரைத் தண்ணி வச்சேன், செம்பருத்திப் பூ வச்சேன், தேன் கூட தொட்டு வச்சேன். எங்க ஆச்சி சிரிச்சுச்சு, "ஏலே, விருந்தாளிக்குக் கூட நீ இப்படி வச்சதில்லையே"ன்னு. அது ஒண்ணையும் தொடல. எப்படித் தொடும், சாப்பிடுற மாதிரி வாயே இல்ல! புழுவா இருக்கும்போது தின்னு சேத்து வச்ச கொழுப்புலதான் கடைசி வரைக்கும் ஓட்டணும், இறக்கை வந்த பிறகு மிஞ்சிப்போனா ஒண்ணு ரெண்டு வாரம். பறக்கப் பறக்க அந்தக் கொழுப்பு தீரும், அதான் பகல்ல அசையாம கெடக்கு. போட்டோவுக்கு இறக்கைய விரிக்கட்டும்னு குச்சியால தட்டினா அதோட இருப்புல இருந்து நாம செலவு பண்றோம்னு அர்த்தம்.

நான் அதோட நிக்கல. காலையில பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்னு செருப்பு டப்பாவுல போட்டு மூடி வச்சேன். ராத்திரி பூரா டப்பாக்குள்ள படபடன்னு சத்தம், காலையில தொறந்தா இறக்கை ஓரமெல்லாம் கிழிஞ்சு, டப்பா சுவத்துல வரிசையா முட்டை. அது பொட்டை. வயிறு பருத்து, மீசை ஒல்லியா இருந்தா பொட்டை, இறகு மாதிரி அகலமா விரிஞ்சிருந்தா ஆண், அதெல்லாம் அப்ப எனக்குத் தெரியாது. பொட்டை, புழுவா இருந்தப்ப கட்டின கூட்டுல இருந்து வெளிய வந்து பக்கத்துலயே உக்காந்து ஒரு வாசனைய விடும், ஆண் அந்த மீசைய வச்சு ரொம்ப தூரத்துல இருந்தே மோப்பம் பிடிச்சு வரும். அதனால கூட்டுப் பக்கத்துல ஈரம் காயாத இறக்கையோட ஒண்ணு தொங்கிக்கிட்டு இருந்தா அத எடுத்துத் தரையில வைக்காதீங்க, தொங்கினாத்தான் இறக்கை விரிஞ்சு நேராக் காயும், இல்லன்னா சுருண்டு போயிரும், பறக்கவே பறக்காது.

லைட்டு விஷயத்துல ரொம்ப யோசிக்க வேணாம். விட்டில் மாதிரி இதுவும் வெளிச்சத்துல மயங்கி நிக்கும், விடிஞ்சதும் காக்காவுக்குத் தீனி. லைட்ட அமத்துங்க, முடிஞ்சுது.

புழுவையும் கூட்டையும் பத்தி யாரும் பேசுறதில்ல, ஆனா தப்பு அங்கதான் அதிகம் நடக்குது. முட்டை பொரிய ரெண்டு வாரம் ஆகலாம். வர்ற புழு பச்சையா, மேல சுண்ணாம்பு தூவினாப்புல வெள்ளைப் பொடியோட, சதைப்பத்தா முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு, கடைசியில நம்ம விரல விட நீளமா வளரும். இலவங்கப்பட்டை மரம், கொய்யான்னு பல மரத்து இலை தின்னும். பாத்த உடனே கம்பளிப்பூச்சின்னு மருந்து அடிச்சிருவாங்க. கம்பளிப்பூச்சிக்குக் குத்துற முடி உண்டு, இதுக்கு அது கிடையாது. நாலஞ்சு புழு தின்னு ஒரு மரம் ஒண்ணும் பட்டுப்போகாது.

அப்புறம் இலையவே சுருட்டி பழுப்பா ஒரு கூடு கட்டும், காஞ்ச சருகு மாதிரியே இருக்கும், உள்ள ஒரு மாசம் போல கெடக்கும், சில சமயம் அதுக்கும் மேல. மரத்தக் கவாத்து பண்றோம்னு சருக எல்லாம் கூட்டித் தீ வைக்கிறாங்க பாருங்க, அதுல எத்தனை கூடு போகுதோ. கையில எடுத்துப் பாருங்க, சருகுன்னா எடை இருக்காது, கூடுன்னா கனமா இருக்கும். அப்படி இருந்தா வெட்டின கொப்போட அப்படியே வேற கிளையில கட்டித் தொங்க விடுங்க. "பட்டு வருமா"ன்னு கேக்கிறவங்களுக்கு, வரும், ஆனா நூல் ஒரே இழையா வராம துண்டு துண்டா வரும், அதனால காஞ்சிபுரத்துக்குக் கனவு காண வேணாம்.

காக்கா தின்னுட்டுப் போட்ட இறக்கை காலையில கீழ கெடந்தா கையில எடுக்கலாம். அந்த இறக்கைப் பொடி கண்ணுல பட்டா கண்ணு அவிஞ்சிரும்னு ஆச்சி சொல்லும், அது வெறும் செதில்தான், கைய கழுவினாப் போயிரும். எங்கிட்ட ஒரு இறக்கை பழைய டைரிக்குள்ள இருக்கு, பாம்போட மூக்கு மட்டும் கொஞ்சம் ஒடஞ்சிருக்கு.