ரிட்டயர்டு ஆட்கள் சங்கமா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

தமிழ்நாடு எல்லையை ஒட்டிய பாலக்காட்டுப் பக்கம், வாளையாரிலிருந்து கஞ்சிக்கோடு வரை நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள தொழிற்சாலைகளில் எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வேலைக்குச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் இப்போது வீட்டில் இருக்கிறார்கள். அதனால் கம்பெனிக்கு ஒன்றாக ஓய்வு பெற்றோர் சங்கம் முளைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் சங்கம் கொஞ்சம் பழையது என்பதால் சங்க விதிகளான பைலாவின் காப்பி கேட்டுப் புதியவர்கள் வருகிறார்கள். அவர்கள் எழுதி வைத்திருக்கும் வரைவைப் பார்த்தால், ஆரம்பத்தில் நாங்கள் இழுத்துப் போட்டுக்கொண்ட வினைகள் அதே வரிசையில் இருக்கின்றன. சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய் அதையே செய்கிறார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

கணக்கு எழுதுங்கள், ரசீது கொடுங்கள், மினிட்ஸ் புக் வையுங்கள் என்பதெல்லாம் இங்கே கிடையாது. ஸ்டோர்ஸிலும் அக்கவுண்ட்ஸிலும் காலம் தள்ளியவர்களுக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய பதவியைச் சங்கத்துக்குள் கொண்டுவருவது

புதுச் சங்கம் முதலில் செய்வது, ஓய்வு பெற்றவர்களில் பெரிய அதிகாரி யார் என்று பார்த்து அவரைத் தலைவராக்குவது. அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அவர் முன்வரிசையில் உட்கார்ந்ததும் பழைய ஆபரேட்டர்கள் தாமாகவே பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். "வணக்கம் சார்" என்று ஒரு கும்பிடு, ஒரு டீ, அவ்வளவுதான். மூன்றாவது கூட்டத்துக்கு அவர்கள் வருவதில்லை.

தலைவர் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். செக்ரட்டரி மட்டும் மூன்று ஷிப்ட் ஆட்களையும் முகம் பார்த்துப் பேர் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். என் அனுபவத்தில் டைம் ஆபீஸிலும் கேன்டீனிலும் வேலை பார்த்தவர்களே இதற்குத் தோதானவர்கள். யார் எந்த ஊர், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். யூனியன் சண்டையை எப்படி வெளியே வைப்பது என்று கேட்கிறார்கள். முழுதாக முடியாது. கமிட்டியில் எல்லா யூனியன் ஆட்களையும் போட்டுவிடுங்கள். ஒருவர் வாயை இன்னொருவர் அடைத்துக்கொள்வார்.

மாடி ஹால்

வேண்டாம். வாடகை பாதி என்றாலும் வேண்டாம்.

மரண நிதி

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. எனவே கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

இது எப்படி ஆரம்பிக்கும் என்றால், சங்கம் தொடங்கிய முதல் வருடத்திலேயே நமக்கு வேண்டிய ஒருவர் போய்விடுவார். அடுத்த கூட்டத்தில் இரண்டு நிமிட மௌனம் முடிந்ததும் ஒருவர் எழுந்து, "ஆளுக்கு 200 ரூபாய் போட்டா அந்தக் குடும்பத்துக்கு ஒரு தொகை ஆகுமே, இதை நிரந்தரமாவே வெச்சுக்கலாமே" என்பார். அந்த நேரத்தில் யார் எதிர்த்துப் பேச முடியும்? எல்லாக் கையும் தூக்கப்படும். பைலாவில் ஒரு வரி ஏறும்: உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு 40,000 ரூபாய் வழங்கப்படும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். உதாரணத்துக்கு 200 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாவுக்கு ஆளுக்கு 200 என்றால் 40,000 சரியாக வந்துவிடும். வருடத்துக்கு மூன்று சாவு என்றால் ஒருவருக்கு 600 ரூபாய்தான் செலவு, யாருக்கும் வலிக்காது. பதினைந்து வருடம் கழித்து அதே சங்கத்தில் 90 பேர் இருக்கிறார்கள். எல்லோரும் எழுபது தாண்டியவர்கள், வருடத்துக்கு எட்டு சாவு. அதே 40,000 கொடுக்க வேண்டுமென்றால் ஒரு சாவுக்கு ஆளுக்கு 444 ரூபாய். வருடத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல்.

அந்த மூவாயிரத்து ஐந்நூறை யாரிடம் கேட்கிறோம்? பி.எஃப். கட்டிய கம்பெனி ஆட்களுக்கு வரும் இ.பி.எஸ். 95 பென்ஷனுக்குக் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய்தான். எங்கள் பழைய ஆட்களில் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு வாங்குகிறவர்கள் நிறையப் பேர். ஒரு மாதப் பென்ஷனைத் தாண்டிய தொகையை மற்றவர்கள் சாவுக்குக் கட்டு என்கிறோம்.

புது உறுப்பினர்கள் வருவார்களே என்று கேட்பீர்கள். எங்கிருந்து? நிரந்தர வேலைக்கு ஆள் எடுப்பது எப்போதோ குறைந்துவிட்டது. இன்று கேட்டுக்குள் போகிறவர்களில் பாதிக்கு மேல் கான்ட்ராக்ட் ஆட்கள். அவர்கள் இந்தக் கம்பெனியின் ரிட்டயர்டு ஊழியர் என்ற பெயரில் வரவே மாட்டார்கள். வரக்கூடிய ஒன்றிரண்டு பேரும் 58 வயதில் தெம்பாக இருப்பவர்கள். நோட்டைப் பார்த்ததும் கணக்குப் புரிந்து, "அப்புறம் வர்றேங்க" என்று போய்விடுகிறார்கள். உடம்பு முடியாமல் இருப்பவர்தான் அவசரமாகச் சேருகிறார். முதல் பந்திக்குப் பாயசம், கடைசிப் பந்திக்கு ரசம்கூட இல்லை என்ற கதை. கடைசியாகப் போகிற ஆளுக்கு யார் கொடுப்பார் என்று ஒரு பொதுக்குழுவில் கேட்டேன். சிரித்தார்கள். பதில் வரவில்லை.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வீடு. மெஷின் ஷாப்பில் இருந்தவர், ஆரம்ப கால உறுப்பினர். அவர் போன பிறகு மகன் ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு வந்தான். யார் யார் சாவுக்கு எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார் என்று அப்பா வரிசையாக எழுதி வைத்திருந்தார். "அப்பா ஒருத்தருக்கும் பாக்கி வெக்கலைங்க. அவருக்கு எவ்வளவுங்க வரும்?" என்று கேட்டான். அந்த நேரம் பாதிப் பேர் பணம் கட்டுவதையே நிறுத்தியிருந்தார்கள். சேர்ந்தது பைலாவில் எழுதியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் கையில் வர இரண்டு மாதம் ஆனது. பொருளாளர் வீடு வீடாக அலைந்தார். ஒரு பக்கம் வேலந்தாவளம், இன்னொரு பக்கம் எட்டிமடை. சாவு வீட்டுக்குப் பணம் தேவைப்படுவது அன்றைக்கும் மறுநாளும். இரண்டு மாதம் கழித்து வருவதை வாங்கிக்கொண்டு அந்தப் பையன் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனான்.

இன்னொரு அசிங்கமும் இதில் இருக்கிறது. இரண்டு தவணை பாக்கி வைத்தவர் இறந்தால் கொடுப்பதா, கூடாதா? இதற்காக ஒரு கமிட்டி மெம்பர் மாலையோடு போன வீட்டிலேயே பாக்கிக் கணக்கைப் பேசிவிட்டு வந்தார். அந்தக் குடும்பம் எங்களோடு பேசுவதில்லை. நியாயம்தான்.

சட்டப் பக்கமும் உண்டு. இத்தனை ரூபாய் நிச்சயம் தருவோம் என்று எழுதிப் பணம் வசூலித்தால் அதைக் காப்பீட்டு வியாபாரம் என்று யாராவது சொல்ல இடம் இருக்கிறது. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டப்படி, பதிவு இல்லாமல் அந்த வியாபாரம் நடத்தக் கூடாது.

இவ்வளவும் சொல்லியும், போன முறை வந்த குழுவின் வரைவில் மூன்றாவது விதியே இதுதான். தொகை மட்டும் 50,000. "எங்க ஆளுங்க ரொம்ப ஒத்துமைங்க சார்" என்றார்கள். ஒற்றுமையாக இருந்தாலும் 90 பேர் 200 பேர் ஆக மாட்டார்கள்.

சரி, என்னதான் செய்வது? வருடச் சந்தாவிலிருந்து ஒரு சின்னத் தொகையை, 3,000 அல்லது 5,000, செய்தி வந்த அன்றே இரண்டு பேர் நேரில் போய்க் கொடுங்கள். பைலாவில் தொகையை எழுதாதீர்கள்; 'இருப்பைப் பொறுத்துக் கமிட்டி முடிவு செய்யும்' என்று மட்டும் போடுங்கள். விபத்துக்காவது ஏதாவது வேண்டும் என்றால், பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் 70 வயது வரை வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கிறது, வங்கியிலேயே எடுக்கலாம். அதோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு நமக்கு உதவாது. அதில் 50 வயதுக்குள் சேர வேண்டும், 55 வயதோடு முடிந்துவிடும்.

ஏற்கெனவே நிதி நடத்துகிறவர்கள், எல்லோருக்கும் கட்டியதைத் திருப்பித் தருகிறோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் பணம் எங்கும் இல்லை; இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய்விட்டது. பொதுக்குழுவில் நோட்டைத் திறந்து வைத்து, படிப்படியாகத் தொகையைக் குறைத்து இத்தனை வருடத்தில் மூடுகிறோம் என்று தீர்மானம் போடுங்கள். நாலு பேர் கத்துவார்கள். கத்தட்டும்.

இறந்தவரோடு அவர் மனைவியின் பெயரையும் அடித்துவிடுவது

உறுப்பினர் போனதும் பட்டியலில் கோடு போட்டுவிடுகிறோம். சங்கம் அதிகம் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். இ.பி.எஸ்.ஸில் பென்ஷன்தாரர் இறந்தால் மனைவிக்கு அவர் வாங்கியதில் பாதி தொடர்ந்து வரும். அது தானாக வராது. இறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் கொடுத்துக் கேட்க வேண்டும். பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ. எங்கே இருக்கிறது என்பதே பல அம்மாக்களுக்குத் தெரியாது. ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். ரிக்கார்டில் வேறு இனிஷியல். கேரளா பக்கம் வீட்டுப் பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும், தமிழ்நாட்டு ஆவணத்தில் அப்பா பெயரின் முதலெழுத்து இருக்கும். இதைச் சரிசெய்ய ஒரு ஆள் கூடப் போய் வந்தால், அது எந்த மரண நிதியையும் விடப் பெரிய தொகை. மனைவிமாரை இணை உறுப்பினர்களாக வையுங்கள். சந்தா வேண்டாம்.

எல்லோருக்கும் படிக்கத் தெரியும் என்று நினைப்பது

நம் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசுகிறவர், பள்ளியில் மலையாளம் படித்தவராக இருப்பார். தமிழில் நோட்டீஸ் அடித்தால் பேரனிடம் கொடுப்பார், பேரன் இங்கிலீஷ் மீடியம். மலையாளத்தில் அடித்தால் தமிழ்நாட்டுப் பக்கத்து க.க.சாவடிக்காரர் கோபித்துக்கொள்வார். இரண்டிலும் அடியுங்கள், அல்லது செக்ரட்டரி தன் குரலில் பேசி அனுப்பட்டும். குரல் செய்தி வந்த பிறகுதான் எங்களுக்குக் கூட்டம் கூடியது.

நவம்பரில் முகாம் போட்டுக் கூட்டத்தைத் திணறடிப்பது

உயிர்ச் சான்றிதழ் என்றால் நவம்பர் என்று பழகிவிட்டது. அது மத்திய அரசு ஓய்வூதியக்காரர்களுக்கு. இ.பி.எஸ். ஆட்கள் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். ஆளாளுக்கு முடிகிற தேதியை ஒரு நோட்டில் எழுதி, மாதாமாதம் நாலைந்து பேருக்குச் செய்தால் போதும். விரல் ரேகை விழாதவர்களுக்கு முகத்தைக் காட்டிச் செய்யும் வசதி போனிலேயே இருக்கிறது. உதவி செய்கிற தம்பியிடம் ஆதார் காப்பியை விட்டு வராதீர்கள்; ஓடிபியை அவரவர் கையால் போடட்டும்.

மகன் வீட்டுக்கு கோவைக்கோ பெங்களூருக்கோ போகிறவர்களிடம் பி.பி.ஓ.வை மாற்றச் சொல்லி இன்னும் அலைக்கழிக்கிறார்கள். 2025 ஜனவரியிலிருந்து எந்த வங்கி, எந்தக் கிளை என்றாலும் பென்ஷன் வரும். மாற்ற வேண்டியதில்லை.

முகவரியை யோசிக்காமல் பதிவு செய்வது

மூன்று சட்டங்கள் குறுக்கே நிற்கின்றன. வாளையாருக்குக் கிழக்கே என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975. கஞ்சிக்கோடு, பாலக்காடு என்றால் பழைய மலபார் பகுதி, 1860ஆம் வருடச் சட்டம். சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்த இடம் என்பதால் அங்கே திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம், 1955. பேருந்தில் அரை மணி நேரத்தில் கடக்கிற தூரத்துக்குள் இத்தனையும். ஏழு பேர் இருந்தால் எங்கும் பதிவு செய்யலாம். சட்டத்தை முடிவு செய்வது அலுவலக முகவரி. கம்பெனி கேன்டீன் முகவரியைப் போடாதீர்கள். மேனேஜ்மென்ட் மாறினால் வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்.

சுற்றுலா

ஒரு நாளில் மூன்று கோயில், ஒரு அணை என்று திட்டம் போடுகிறவர்களுக்கு முழங்கால் வலி வந்ததில்லை என்று அர்த்தம். ஒரே இடம் போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை கழிப்பறை இருக்கிற இடத்தில் வண்டி நிற்க வேண்டும். பரம்பிக்குளம் நம் பாலக்காடு மாவட்டம்தானே என்று வேன் பேசினார்கள் ஒரு குழுவினர். ரோடு சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் போய்த்தான் திரும்ப கேரளத்துக்குள் நுழைகிறது. டிரைவரிடம் எல்லை தாண்டும் பெர்மிட் இல்லை. ரயில் என்றால் மூத்தோர் சலுகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது 2020 மார்ச்சோடு போனது.

ஆண்டு விழாத் தேதி

ஓணம் வாரமும் வேண்டாம், பொங்கலும் வேண்டாம். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும், அதுவும் வேண்டாம். ஜனவரி 26 வையுங்கள். இரண்டு பக்கமும் விடுமுறை, கூட்டிவர மகனோ மருமகளோ வீட்டில் இருப்பார்கள்.

வாட்ஸ்அப்

இறப்புச் செய்திக்குத் தனி குரூப், அதில் அட்மின் மட்டும் பேச வேண்டும். ஒருவர் காலமான செய்திக்குக் கீழே பூங்கொத்தோடு இனிய காலை வணக்கம் வந்ததைப் பார்த்துவிட்டேன்.

டீ

சர்க்கரையைத் தனியாக வையுங்கள்.