ஆக்சிஜன் குறைந்தால் உயிரணு புரத உற்பத்தியை எப்படி மாற்றுகிறது: வரைந்து கற்கும் முறை

சிங்கப்பூரின் தொடக்கக் கல்லூரிகளில் எச்2 நிலை உயிரியல் படிப்பவர்கள் மரபணுக் கட்டுப்பாட்டின் நிலைகளைத் தனித்தனியாகக் கற்கிறார்கள். அவை ஒன்றாக இயங்குவதைக் காண ஆக்சிஜன் பற்றாக்குறை நல்ல எடுத்துக்காட்டு. நம் நாட்டின் மிக உயரமான புக்கிட் தீமா குன்றே ஏறத்தாழ 164 மீட்டர்தான் என்பதால், உயரத்தில் ஆக்சிஜன் குறையும் மலையேற்றத்தைவிட, இரத்த ஓட்டம் எட்டாத புற்றுக்கட்டியின் உட்பகுதியை மனத்தில் கொள்ளுங்கள்.

முதலில், தாளின் இடப்பக்கத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு உள்ள உயிரணுவை வரையுங்கள். பலரும் பற்றாக்குறையிலிருந்தே தொடங்குவதால்தான் குழம்புகிறார்கள். ஹிஃப்-1 ஆல்ஃபா என்னும் புரதத்தை உயிரணு எந்நேரமும் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் பிஎச்டி நொதிகள், இரும்பின் துணையோடு ஆக்சிஜனைப் பயன்படுத்தி, அப்புரதத்தின் இரண்டு புரோலின் அமினோ அமிலங்களில் ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கின்றன. அந்த அடையாளத்தை விஎச்எல் புரதம் பற்றிக்கொள்ள, சிதைக்க வேண்டியது எனக் குறிக்கும் யூபிக்விட்டின் என்னும் சிறு புரதம் இணைக்கப்பட்டு, சில நிமிடங்களில், புரதங்களைச் சிதைக்கும் அமைப்பான புரோட்டியாசோம் ஹிஃப்-1 ஆல்ஃபாவைச் சிதைத்துவிடுகிறது. இது வீண்செலவாகத் தோன்றலாம். ஆயினும் நெருக்கடி வரும்போது புதிய புரதத்துக்குக் காத்திராமல், சிதைப்பதை நிறுத்தினாலே போதும்.

அடுத்து, அதே படத்தை வலப்பக்கத்தில் வரைந்து, பிஎச்டியிலிருந்து புறப்படும் அம்புக்குறியை அழித்துவிடுங்கள். தப்பிய ஹிஃப்-1 ஆல்ஃபா உட்கருவுக்குள் சென்று, ஹிஃப்-1 பீட்டாவுடன் இணைந்து, டிஎன்ஏவில் உரிய இடத்தில் அமர்ந்து படியெடுத்தலை, அதாவது மரபணுவிலிருந்து ஆர்என்ஏ நகல் உருவாவதை, தூண்டுகிறது. குளுக்கோஸை உள்ளே கடத்தும் புரதமும், இரத்த நாளங்களை வளரச் செய்யும் விஇஜிஎஃப் புரதமும் பெருகுகின்றன. சிறுநீரகத்தில், இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின் ஹார்மோனின் உற்பத்தியைத் தூண்டுவதில் இதே குடும்பத்தின் ஹிஃப்-2 ஆல்ஃபாவுக்கே முதன்மைப் பங்கு.

இனி, ஆர்என்ஏ நகலைப் புரதமாக மொழிபெயர்க்கும் ரைபோசோமை வரையுங்கள். பலருடைய குறிப்புகளில் இந்தப் பகுதியே இருப்பதில்லை. புரதத் தொகுப்புக்கு, உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி மிகுதியாகச் செலவாவதால், பற்றாக்குறையில் உயிரணு மொத்த உற்பத்தியைக் குறைக்கிறது: புரத உற்பத்தியை ஊக்குவிக்கும் எம்டோர் நொதியின் செயல்பாடு தணிகிறது, பற்றாக்குறை கடுமையானால் பெர்க் நொதி, மொழிபெயர்ப்பைத் தொடங்கத் தேவையான இஐஎஃப்2 ஆல்ஃபா புரதத்தில் பாஸ்பேட்டைச் சேர்த்து, மொழிபெயர்ப்பின் தொடக்கத்தையே தடுக்கிறது. அப்போதும் நெருக்கடியைச் சமாளிக்க உதவும் ஏடிஎஃப்4 போன்ற சில புரதங்களின் மொழிபெயர்ப்பு மட்டும் கூடுகிறது. ஆகவே மொத்த உற்பத்திக்குக் கீழ்நோக்கிய அம்பையும், தேர்ந்தெடுத்த புரதங்களுக்கு மேல்நோக்கிய அம்பையும் இடுங்கள்.

கடைசியாக, படத்தைச் சோதிக்க, இடப்பக்கத்திலுள்ள விஎச்எல்லை மட்டும் அழித்துப் பாருங்கள். ஆக்சிஜன் இருந்தும் ஹிஃப் சிதையாமல் குவியும். விஎச்எல் மரபணு பழுதுபட்ட சிறுநீரகப் புற்றுக்கட்டிகளில் நிகழ்வது இதுவே. ஆக்சிஜனை உயிரணு உணரும் முறையைக் கண்டறிந்ததற்காக 2019இல் நோபெல் பரிசு பெற்ற மூவரில் வில்லியம் கேலின், இந்த மரபணு தொடர்பான நோயை ஆராய்ந்தபடியேதான் இத்துறைக்குள் வந்தார்.